காமர்ஸுக்கு ஒரு பத்துப் பேர்

காலேஜில் என்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும் நான் "காமர்ஸ்" என்பேன். கேட்டவர்கள் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா கூரையைப் பார்ப்பார்.

அப்பாவுக்குக் குலசேகரத்தை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு உத்தியோகம். எங்கள் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ரப்பர் மரம். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒரு வருஷம் பால்வெட்டையே நிறுத்திவிட்டார்கள். மரங்கள் சும்மா நின்றன, பால் ஏந்தும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. கொஞ்ச காலம் கழித்து வெட்ட ஆள் போதவில்லை என்று விளவங்கோடு வரைக்கும் சொல்லியனுப்பினார்கள். மரம் அதே மரம், மழை அதே மழை. பின்னே என்ன நடந்தது?

"விலை ஏறியிருக்கு" என்றார் அப்பா.

"யாரு ஏத்தினா?"

"லண்டன்ல."

"லண்டன்ல யாரு?"

"என்னட்டி இது, யாராவது ஒருத்தன் இருப்பான். போய் விளக்கு திரியத் தொடை."

அந்த யாராவது ஒருத்தன் எனக்குத் தூக்கத்தில்கூட வந்தான். எங்களைக் கண்ணால் பார்க்காத ஒருவன், பேச்சிப்பாறைப் பக்கம் எந்த வீட்டில் இந்த மாதம் மீன் வாங்குவார்கள், எந்த வீட்டில் வாங்கமாட்டார்கள் என்று முடிவு செய்கிறான். அது எப்படி? அந்த வித்தையைச் சொல்லித்தரும் பாடத்துக்குப் பெயர் காமர்ஸ் என்று பேப்பரில் படித்தேன். நாகர்கோவிலில் அந்த வருஷம்தான் இன்டர்மீடியட்டில் காமர்ஸ் பாடத்தைப் புதிதாகச் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பா பேரம் பேசினார். அவரோடு பேரம் பேசியே பழகிய தோட்டத்துத் துரைமாரின் பாணி.

"காமர்ஸ் கிடைச்சா ரெண்டு வருஷம் காலேஜ். தோட்டத்து ஆபீசுல அதுக்கு ஒரு வேலை இருக்குன்னு துரையும் பறஞ்சிருக்காரு. கிடைக்கேலன்னா டிரெயினிங் ஸ்கூல். ஹிஸ்டரி படிச்சிட்டு வந்து இங்க ஆருக்கு ராஜா கதை சொல்லப் போறே? சரியா மக்கா?"

டிரெயினிங் ஸ்கூல் என்றால் வாத்தியார் வேலை. எங்கள் சபையில் படித்த பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் போனார்கள். என் சித்தி, சித்தியின் நாத்தனார், பாதிரியார் வீட்டு மூத்தவள், எல்லோரும். போனவர்கள் யாரும் அழுதுகொண்டு திரும்பி வரவில்லை. ஆனால் அங்கே ரப்பருக்கு யார் விலை வைக்கிறான் என்று சொல்லித்தரமாட்டார்கள். நான் சரி என்றேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அப்பா குடையைப் பிடித்துக்கொள்ள, காலேஜ் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றேன். உள்ளே இருந்த ரைட்டர்தான் அந்தக் காலேஜுக்கு எல்லாமும். சேர்க்கை அவர், டைம்டேபிள் போடுவது அவர், மணி சரியாக அடிக்கிறதா என்று பார்ப்பதும் அவர்.

"காமர்ஸா?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பொம்பளப் பிள்ளையளுக்கு லாஜிக் நல்லதாக்கும்."

"ஏன் சார்?"

"வீட்டுல இருந்துகிட்டே உபயோகிக்கலாம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடை ஆடி என் தலையில் தண்ணீர் விழுந்தது. நான் மறுபடியும் காமர்ஸ் என்றேன். ரைட்டர் பேனாவை மையில் தோய்த்தபடி, பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும், ஒன்று குறைந்தாலும் எல்லோரையும் ஹிஸ்டரியில் தள்ளிவிடுவோம் என்றார். நான் எத்தனையாவது என்று கேட்டேன். "ஒம்பது" என்றார்.

பத்தாவது ஆளை நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் அவனாகவே வந்தான். பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பையன், எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன். நல்ல உயரம், மழைக்குக் கமுகம்பாளைத் தொப்பி போட்டுக்கொண்டு காலேஜுக்கு வந்த ஒரே ஆள் அவன்தான். கணக்கு என்றால் அவனுக்குப் பயம், விஞ்ஞானம் என்றால் அதைவிட. அதனால் காமர்ஸ் எழுதிக்கொடுத்தான். வகுப்பு தொடங்கிய பிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"காமர்ஸுலயும் கணக்கு உண்டுன்னு ஒருத்தனும் சொல்லலியே" என்றான்.

பத்துப் பேர் ஆயிற்று. நான் நாகர்கோவிலில் அத்தை வீட்டில் பெட்டியை வைத்தேன். மறுநாள் டைம்டேபிள் ஒட்டினார்கள். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தோம். காமர்ஸ், தினமும் முதல் மணி. அதற்குமேல் வரியில், இரண்டாம் பாஷை தமிழ், தினமும் முதல் மணி.

பல்கலைக்கழகத்துக்கு இங்கிலீஷ் ஒன்று வேண்டும், இரண்டாம் பாஷை ஒன்று வேண்டும், அதன் பிறகுதான் விருப்பப் பாடம். இரண்டாம் பாஷையில் முக்கால்வாசி நாளாவது வராதவன் பரீட்சை எழுத முடியாது. காமர்ஸிலும் அப்படித்தான்.

"ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க நாம என்ன அற்புதம் காட்டுற அவுலியாவா?" என்றான் எனக்குப் பின்னால் ஒருவன்.

அவன் கோட்டாறு, வாப்பாவுக்கு அங்கே மொத்தக் கடை. காமர்ஸில் சேர்ந்த கடைக்காரர் பிள்ளைகளில் அவனுக்குத்தான் வாய் நீளம். சேர்ந்த முதல் நாளே எனக்கு 'ரப்பர் அக்கா' என்று பெயர் வைத்தவன். ஆண்பிள்ளைகள் பெண்களிடம் நேரே பேசுவது அங்கே வழக்கமில்லை. அக்கா என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டால் எது வேண்டுமானாலும் பேசலாம் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான்.

நான் ரைட்டரிடம் ஓடினேன். கோபத்தில் ஓடினேன் என்பதைவிட, இந்த முடிச்சு எப்படி விழுந்தது என்று பார்க்கத்தான் ஓடினேன். அவர் மேஜையில் பெரிய அட்டை ஒன்றில் கட்டம் கட்டி, பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதியிருந்தார். பல இடத்தில் அட்டையே தேய்ந்து குழி விழுந்திருந்தது.

"காமர்ஸ மத்தியானம் வச்சா என்ன சார்?"

"காமர்ஸ் எடுக்க வாறவரு பாங்கு ஏஜெண்டு. பாங்கு திறக்கும்முன்னே ஒரு மணி நேரம் வருவாரு. அதுக்கப்புறம் அவரு அந்த நாற்காலிய விட்டா பாங்கு ஓடிப்போயிரும்."

"தமிழ மத்தியானம் வச்சா?"

"பண்டிதரு ரெண்டாவது மணிக்கு இங்கேருந்து பெண் பள்ளிக்கூடத்துக்குப் போணும். அங்க அவரு மத்தியானம் வரைக்கும். சாப்பிட்டா தூங்கிருவாரு."

"தூங்குறதுக்கெல்லாமா டைம்டேபிள்?"

"எழுபது வயசுல நீ வாயேன், பார்ப்போம்." அட்டையைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "நீயே போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்று, விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். தமிழை நகர்த்தினால் பெண் பள்ளிக்கூடத்தில் இடிக்கும். காமர்ஸை நகர்த்தினால் பாங்கில் இடிக்கும். இங்கிலீஷை அசைத்தால் மொத்தக் காலேஜும் அசையும். ஒரு ஊரின் ஆண்களும் பெண்களும் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடந்துபோகிறார்கள் என்பதெல்லாம் அந்த அட்டைக்குள் இருந்தது. அவ்வளவு ஆச்சரியத்தில் என் பாடம் போகப்போகிறது என்பதையே ஒரு கணம் மறந்துபோனேன். அப்போதுதான் கீழ்க் கட்டத்தில் கண் நின்றது. மலையாளம், மத்தியானம்.

"இது ஏன் சார் மத்தியானம்?"

"மலையாளம் எடுக்குற முன்ஷி தக்கலையிலேருந்து பஸ்ஸுல வாறாரு. காலை பஸ்ஸுல எடம் கிடைக்காது." ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டாம் பாஷை மலையாளம்னா காமர்ஸோட மோதாது. ஆனா நீங்க பத்துப் பேரும் தமிழ்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

நான் வெளியே வந்து, மலையாளத்துக்கு மாறினால் போதும் என்று மற்ற ஒன்பது பேரிடமும் சொன்னேன். யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை! அதுதான் எங்கள் ஊர், அப்போது திருவனந்தபுரத்துச் சீமை. சர்க்கார் ஆபீஸ் மலையாளம், கோர்ட்டு நோட்டீஸ் மலையாளம், திருவனந்தபுரம் பஸ்ஸில் சண்டை போட்டால் மலையாளம். மேற்கே போகப் போக எங்கள் தமிழும் ஆட்டமும் இழுவையுமாக மாறி, எங்கே நின்று மலையாளம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. கிழக்கே பூதப்பாண்டியில்கூடப் பத்திரம் பதியப் போனால் மலையாளம் காதில் விழாமல் இருக்காது.

"நமக்கு மலையாளம் தெரியாதா?" என்றான் கோட்டாற்றுக்காரன். "எங்க கடையில பாதி யாபாரம் மலையாளத்துலதான்."

"எங்க வயல்ல சுமக்க வாற ஆளெல்லாம் மலையாளம்தான்" என்றான் பூதப்பாண்டிக்காரன்.

பத்துப் பேரும் அன்றைக்கே தமிழை அடித்து மலையாளம் என்று மாற்றிக் கொடுத்தோம். பேசுவது வேறு, எழுத்தைப் பார்த்து வாசிப்பது வேறு என்று எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. செய்யும் அளவுக்கு அவர்கள் பாஷைகளோடு இப்படி ஒட்டி உறவாடியிருக்கமாட்டார்கள்.

மலையாள முன்ஷி மெலிந்தவர், நடுத்தர வயது. வகுப்பில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். நாங்கள் பத்துப் பேர் வரிசையாக உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றே விட்டார். யாரோ பெரிய ஆபீசர் வருகிறார் என்று நினைத்திருப்பார்.

"எல்லாவரும் மலையாளமோ?"

"எல்லாவரும் சாரே" என்றான் கோட்டாற்றுக்காரன்.

புத்தகத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் புத்தகத்தைச் சரியாகத்தான் பிடித்தான். ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது என்று தொடங்கி, நரிக்குப் பசித்தது, நரி சந்தைக்குப் போனது, அங்கே ஒரு கடைக்காரனை ஏமாற்றியது என்று அழகான மலையாளத்தில் மூச்சு விடாமல் போனான். நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தது தென்னை மரத்தைப் பற்றிய பாடம்.

முன்ஷி முழுவதும் கேட்டார். பிறகு நிதானமாக, "நீ இது வாயிச்சதோ, உண்டாக்கியதோ?" என்றார்.

"உண்டாக்கினது சாரே. நல்லா இருந்துதா?"

வகுப்பே சிரித்தது. முன்ஷி சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னார். குலசேகரத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு எழுத்தும் படித்திருந்ததால் நான் தப்பித்தேன். மேற்கிலிருந்து வந்த மூன்று பேரும் தப்பித்தார்கள். எங்களில் மற்ற ஆறு பேருக்கும் எழுத்தே தெரியாது.

முன்ஷி தீர்ப்பு சொன்னார். ஓணம் விடுமுறைக்கு முந்தின நாள் கேட்டெழுத்து வைப்பார், அவர் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுத வேண்டும். எழுதுகிறவன் இருக்கலாம். எழுதாதவன் தமிழுக்குத் திரும்பிப் போகலாம். ரைட்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டார். ரைட்டர் தன் அட்டையில் காமர்ஸ் என்பதைப் பென்சிலிலேயே வைத்தார். ஒருவன் தமிழுக்குத் திரும்பினாலும் முதல் மணியில் அவன் காமர்ஸுக்கு இல்லை, பத்து ஒன்பதாகும், வகுப்பு மூடும். ஒன்பது பேர் ஹிஸ்டரிக்குப் போவார்கள். நான் டிரெயினிங் ஸ்கூலுக்கு.

மறுநாளிலிருந்து முதல் மணிக்கு முன்னால், ஏஜெண்டு வருமுன், கரும்பலகையில் நான் மலையாள எழுத்து எழுதிப் போட ஆரம்பித்தேன். ஆறு பேரும் சீக்கிரம் வந்தார்கள். இது நாலு நாளில் அத்தை காதுக்குப் போயிற்று.

"பயலுவளுக்கு அட்சரம் படிப்பிக்கியாமே?"

"ஆமா அத்தை."

"டிரெயினிங் ஸ்கூல் வேண்டாம்னுதானே இங்க வந்தே?"

அத்தை சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த புட்டுக்குழல் சாய்ந்தது. எனக்கும் சிரிப்புதான். ஆனால் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொரு பித்து பிடித்துவிட்டது. இந்த எழுத்தெல்லாம் எங்கிருந்து வந்தது? சில தமிழுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தன. சில யாரென்றே தெரியவில்லை. சிதறால் மலைக் கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தைச் சின்ன வயதில் தடவிப் பார்த்திருக்கிறேன். அதில் தெரிந்த வட்டங்கள் எனக்கு இதில் தெரிந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்து வகுப்பில் காட்டினேன். யாரும் அசையவில்லை. கோட்டாற்றுக்காரன் மட்டும் அசைந்தான்.

"எழுத்துன்னா இவ்வளவு பெரிய காரியமா அக்கா? எங்க வீட்டுல தமிழையே வேற எழுத்துலதான் எழுதுவோம்."

மறுநாள் அவன் உம்மாவின் புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அரபு எழுத்து. வலமிருந்து இடம். அவன் விரல் வைத்து வாசித்தான். காதில் விழுந்ததோ சுத்தமான தமிழ். பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்கு, இருக்கும் எழுத்தில் புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கியிருந்தார்கள். ழகரத்துக்கு எது என்று கேட்டேன். காட்டினான். 'குழந்தை' என்ற சொல்லை அந்த எழுத்தில் நானே நோட்டில் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கரும்பலகையை மறந்து அன்று முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பாங்கு ஏஜெண்டு வந்து வாசலில் நின்றதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"இது எந்த பாங்குல செல்லும் எழுத்து?" என்றார் அவர்.

அவர் கோட்டும் தலைப்பாகையுமாக சைக்கிளில் வருவார். குளச்சலிலிருந்து கருவாடு கொழும்புக்குப் போகிறது, பணம் எப்படித் திரும்பி வருகிறது, நடுவில் ஒரு காகிதம் எத்தனை கை மாறுகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் மணி அடிப்பது கேட்காது. கண் காணாத ஒருவனை நம்பிச் சரக்கை ஏற்றி அனுப்ப, மனிதர்கள் எவ்வளவு சாமர்த்தியமாக வழி செய்து வைத்திருக்கிறார்கள்! இதை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

அரபுத் தமிழ் பழகிய கோட்டாற்றுக் கடைக்காரர் பிள்ளைகளுக்கு மூன்றாவது எழுத்து ஒன்று கூடியதில் பெரிய கஷ்டமில்லை. ஆடி முடிவதற்குள் எழுதிவிட்டார்கள். மற்றவர்களும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டார்கள். பூதப்பாண்டிக்காரன்தான் வரவில்லை. சொன்னால் எல்லாம் புரியும். கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்வான். எழுது என்றால் அவன் கை, சேற்றில் இறங்கிய மாடு மாதிரி நின்றுவிடும்.

"நான் ஒருத்தன் போனா என்ன அக்கா, வானமா இடிஞ்சிரும்?"

"வகுப்பு இடிஞ்சிரும்."

"என்னைக் கட்டி வச்சு எழுத வைப்பியளோ?"

"வேண்டி வந்தா கட்டுவேன்."

"ரப்பரு வீட்டுப் பிள்ளைல்லா, இழுக்கத் தெரியாமலா இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு சந்தேகம் வந்து ரைட்டரிடம் போனேன். பத்துப் பேர் என்ற விதி காமர்ஸுக்கு மட்டுமா?

"எல்லா வகுப்புக்கும்தான்" என்றார் ரைட்டர். "மலையாளத்துல இந்த வருஷம் ஆறு பேருதான் இருந்தாங்க. முன்ஷிய நிறுத்திரலாமான்னு பேச்சு நடந்துது. நீங்க வந்து விழுந்தீங்க."

அந்தச் செய்தியை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

கேட்டெழுத்து நாள். மழை விட்டு நல்ல வெயில். முன்ஷி ஒரு யானை சந்தைக்குள் நுழைந்த கதையைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். நான் எழுதியதைவிடப் பூதப்பாண்டிக்காரனைப் பார்த்ததே அதிகம். அவன் இரண்டு வரி எழுதினான், நின்றான், முன்ஷியைப் பார்த்தான், பிறகு வேகமாக எழுதத் தொடங்கினான். எனக்கு உயிர் வந்தது.

முன்ஷி சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோட்டாற்றுக்காரனின் தாளைப் பார்த்து, "உண்டாக்கியதல்லல்லோ?" என்றார். "அல்ல சாரே. யானைய அப்படியே விட்டுட்டேன்" என்றான் அவன். பூதப்பாண்டிக்காரனிடம் வந்து நின்றார்.

"இது எந்தா?"

"அர்த்தம் சாரே."

முதல் இரண்டு வரி மலையாளம். மீதிக் கதை முழுவதையும், அவர் சொல்லச் சொல்லத் தமிழாக்கி, தமிழில் எழுதி வைத்திருந்தான். யானை மிதித்த வாழைக்குலையைக்கூட விடவில்லை. முன்ஷி தாளைக் கையில் எடுத்து முழுவதும் வாசித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"நன்னாயிட்டுண்டு. பட்சே எழுத்தில்ல" என்று தாளை மேஜையில் வைத்தார். "ஒம்பது."

நான் எழுந்து நின்றேன்.

"சார், ஒரு ஆளு குறைஞ்சா காமர்ஸ் மூடும். மூடினா எங்களுக்கு மலையாளத்துல இருக்க ஒரு காரணமும் இல்ல. பத்துப் பேரும் தமிழுக்குப் போயிருவோம். பின்னே இங்க ஆறு பேருதான்."

ஏற்கெனவே அங்கே இருந்த ஆறு பேரில் ஒருவன் தன்னைச் சுட்டிக்காட்டினதுபோல நெளிந்தான். முன்ஷி என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"அறியாம்" என்றார். "நீ வந்து சொல்லணுமோ? ஆறு பேரு இருந்தா எனக்கு ஜோலி இல்லேன்னு நிங்ஙளுக்கு முன்னே எனக்கு அறியாம்." பிறகு அவர் தக்கலைத் தமிழுக்கு மாறினார். "வருஷா வருஷம் இதுதான் நடக்குது பிள்ளே. தமிழ்ப் பிள்ளையள் வருவாங்க. எதாவது வகுப்பு மோதும், இங்க ஓடி வருவாங்க. அடுத்த வருஷம் மணி மாறினதும் தமிழுக்கு ஓடிருவாங்க. பேரு எழுத பத்துப் பேரு எனக்கு வேண்டாம். இருக்க பத்துப் பேரு வேணும். எழுத்து படிக்க மெனக்கெடுறவன்தான் இருப்பான்னு பாத்தேன்."

பூதப்பாண்டிக்காரனைப் பார்த்தார். "இவன் கிறிஸ்துமஸ் வரைக்கும் என் பக்கத்து பெஞ்சுல இருக்கட்டும். கை வந்துரும். ரைட்டருகிட்ட பத்துன்னு நான் சொல்லுதேன். ஆனா ரெண்டு வருஷமும், பல்கலைக்கழகப் பரீட்சையும், மலையாளம். ஒருத்தரும் தமிழுக்குத் திரும்பப்பிடாது. ஒவ்வொருத்தனா சொல்லு."

மேற்கத்திப் பிள்ளைகள் மூவரும் உடனே சரி என்றார்கள். கடைக்காரர் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். கோட்டாற்றுக்காரன், "வாப்பாகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்து, முன்ஷியின் முகத்தைப் பார்த்து, "அவரு சரின்னுதான் சொல்லுவாரு" என்று முடித்தான். பூதப்பாண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். "என்னைக் கேட்டா நான் எப்பவோ போயிருப்பேன் சாரே. இம்புட்டு பேரும் எனக்காக நிக்கும்போ எப்படிப் போவேன்? இருக்கேன்."

பிறகு முன்ஷி என் பக்கம் திரும்பினார்.

மற்றவர்களைப் பற்றி அவர் சொன்னது என்னைப் பற்றியும் சரிதான். அடுத்த வருஷம் ரைட்டரின் அட்டையில் கட்டங்கள் மாறும், அப்போது தமிழுக்குப் போய்விடலாம் என்று நானும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு வந்த பாடம் தமிழ் ஒன்றுதான். அந்தப் பண்டிதரிடம் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று இருந்தேன். இப்போது உட்கார முடியாது. ஒரு பக்கம் டிரெயினிங் ஸ்கூல், ஒரு பக்கம் இது. நடுவில் நிற்க இடமில்லை. பத்துப் பேருக்காகப் பேச எழுந்தவள், என் முறை வந்தபோது நோட்டின் மூலையை மடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அக்கா, எங்களையெல்லாம் கட்டிப் போட்டாச்சு, நீங்க கழண்டுக்குவியளோ?" என்றான் கோட்டாற்றுக்காரன், தணிந்த குரலில்.

"இருக்கேன் சார்" என்றேன்.

ஓணம் முடிந்து திரும்பிய அன்று டைம்டேபிளில் காமர்ஸ் என்பது மையில் எழுதியிருந்தது. எங்கள் அறையை மட்டும் மாற்றியிருந்தார்கள். புது அறை பெரிய ஹாலை மரப்பலகையால் தடுத்தது. ஏஜெண்டு வந்து, வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்று கோடு கிழித்தார். அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பண்டிதரின் குரல் எழுந்தது. பாட்டை அவர் வாசிக்கவில்லை, பாடினார். ஒரு சொல்லில் நின்று, அதைத் திருப்பித் திருப்பி, இப்படிப் பார்த்தால் இது, அப்படிப் பார்த்தால் அது என்று பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக் குரலா அது! அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் வரும் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் அதைச் சொல்கிறாரா என்று காதைக் கொடுத்தேன்.

"அம்மா" என்றார் ஏஜெண்டு. "உங்க வகுப்பு பலகைக்கு இந்தப் பக்கம்."

பையன்கள் சிரித்தார்கள். நான் நோட்டின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இரண்டு பக்கமும் தலைப்பு எழுதினேன். பண்டிதர் அந்த அர்த்தத்தைச் சொன்னாரா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. மணி அடிப்பதற்குள் ஏஜெண்டு எட்டுக் கணக்குக் கொடுத்தார். எட்டையும் போட்டேன்.